நாவொழுக்கம் (கிறித்தவம்)

உண்மையை அன்போடும் சமயமறிந்தும் பேசப் பழகும் கிறித்தவ நெறி. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு திருமுகத்தின் 3ஆம் அதிகாரம் இதற்கு ஆணிவேர். பெருங்கப்பலைத் திருப்பும் சிறு சுக்கானையும் காட்டை எரிக்கும் சிறு பொறியையும் காட்டி நாவின் வலிமையை அது உணர்த்துகிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவியருக்கு வகுத்த ஒழுங்கில் பேச்சடக்கத்துக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு.

மடத்து மதிலுக்குள் இருந்த இந்நெறியை இல்லறத்தார் கையில் கொடுத்தவர் ஜெனீவா ஆயர் பிரான்சிஸ் சலேசியார் (1567–1622). பக்தி வாழ்வைப் பற்றி 1609இல் அவர் வெளியிட்ட நூலின் மூன்றாம் பகுதியில் பேச்சு குறித்த அதிகாரங்கள் வரிசையாக வருகின்றன. புறங்கூறலைப் பற்றியதே அவற்றில் மிகக் கூர்மையானது. ஒருநாள் குடித்தவனைக் குடிகாரன் என்று முத்திரை குத்தக் கூடாது. நோவாவும் ஒருமுறை மதுமயக்கத்தில் கிடந்தவர்தாம் என்கிறார். “நல்ல மனுஷன்தான், ஆனா...” என்று புகழ்ந்துவிட்டுக் குத்துகிற பேச்சையே அவர் கொடிய நஞ்சாகக் கருதினார். ஒருவர் பெயரைக் கெடுத்தவர் மனம் வருந்தினால் மட்டும் போதாது, அதை மீட்டுக் கொடுக்கவும் கடமைப்பட்டவர் என்றார். இந்நெறியை வெறும் நாகரிகப் பழக்கத்திலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த ஈடுசெய்யும் கடமைதான்.

தமிழகத்துக்கு இந்நெறி புதிதாக வந்திறங்கியதன்று. குறளில் இனியவை கூறலுக்கும் புறங்கூறாமைக்கும் தனி அதிகாரங்கள் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மறைபோதகர் சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். போதிக்க வந்தவர் முதலில் செவிசாய்த்தது பெரிய பண்பு. அந்த நீதி இலக்கிய வரிசையில் கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நீதிநூல் 1859இல் வெளிவந்தது.

அதே 1859இல் இத்தாலியின் தூரின் நகரில் தொன் போஸ்கோ என்னும் குரு தம் துறவற சபையைத் தொடங்கி, சலேசியாரின் பெயரையே அதற்குச் சூட்டினார். அச்சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தனர்.

சலேசிய விடுதிகளில் இரவுச் செபம் முடிந்ததும் பொறுப்பாளர் இரண்டு மூன்று நிமிடம் பேசுவார். அன்று நடந்த ஒன்றைச் சொல்லி, ஒரு நல்ல வார்த்தை கூறி, இரவு வணக்கத்தோடு முடிப்பார். 1847இல் வீடுதேடி வந்த அநாதைச் சிறுவனைப் படுக்கவைக்கும்போது தொன் போஸ்கோவின் தாய் மார்கரீத்தா சொன்ன புத்திமதியே இவ்வழக்கத்தின் தொடக்கம் என்பது சபை மரபு. பையன் தவறு செய்திருந்தால் அதற்கு இடம் வேறு. 1877இல் தொன் போஸ்கோ எழுதிய கல்விநெறிக் குறிப்பின்படி, அரிதான சூழல் தவிர எவரையும் பிறர் முன்னிலையில் கண்டிக்கலாகாது. தனியே அழைத்து, தன் தவற்றை அவனே உணரும்படி பொறுமையாகப் பேச வேண்டும்.