வழி கேட்டவர்கள் விற்றுக்கொடுத்த விளையாட்டு: ‘டீமன்ஸ் சோல்ஸ்’, 2009

சிறு ரசிகர் வட்டத்துக்கான பாத்திரமேற்பு வீடியோ கேம்கள் வாய்மொழியாகவே விற்கின்றன என்பது பழகிப்போன கூற்று. அந்த வாய்கள் என்ன பேசின என்று கேட்பவர்கள் குறைவு. புகழுரையைவிட, வழி தெரியாமல் திகைத்தவர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டதே விற்பனையை நகர்த்தியது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய ‘டீமன்ஸ் சோல்ஸ்’ இதற்குத் தெளிவான சான்று.

இதற்கு முன்னோடி உண்டு. 1984இல் நாம்கோ வெளியிட்ட ‘டவர் ஆஃப் ட்ருவாகா’ ஆர்கேட் விளையாட்டில் 60 தளங்கள். மறைந்திருக்கும் புதையல் பெட்டியை வரவழைக்க என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஆட்டத்துக்குள் துப்பே கிடையாது. ஆட்டக்காரர்கள் காசைக் கரைத்துக் கண்டுபிடித்ததை மற்றவர்களுக்குச் சொன்னார்கள். ஆர்கேடில் கிடந்த நோட்டுகளில் எழுதியும் வைத்தார்கள்.

‘டீமன்ஸ் சோல்ஸ்’ தொடக்கத்திலேயே தடுமாறிய திட்டம். ஃப்ரம்சாஃப்ட்வேரின் ஹிடெடாகா மியாசாகி இடையில் இயக்குநராகப் பொறுப்பேற்று அதைத் திருத்தி அமைத்தார். 2008 டோக்கியோ கேம் ஷோவில் ஆடிப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். சோனியின் உலக ஸ்டுடியோக்களுக்குத் தலைவராக இருந்த ஷூஹெய் யோஷிதா, இரண்டு மணி நேரம் ஆடியும் தொடக்கத்தைத் தாண்ட முடியாமல் அதை ஒதுக்கினார். 2009 பிப்ரவரி 5 அன்று பிளேஸ்டேஷன் 3க்கு ஜப்பானில் வெளியானபோதும் விற்பனை மந்தம்தான்.

நிலையை மாற்றியது ஆட்டத்தின் உள்ளமைப்பு என்றே கருதுகிறேன். வரைபடம் இல்லை, செத்தால் சேர்த்த ஆன்மாக்கள் கைவிட்டுப் போகும். ஆனால் முகமறியாத ஆட்டக்காரர் ஒருவர் தரையில் குறிப்பு எழுதிவைக்கலாம். அதை இன்னொருவர் பயனுள்ளது என்று பரிந்துரைத்தால் எழுதியவரின் உயிர்ச்சக்தி நிரம்பும். இரத்தக்கறையைத் தொட்டால், அங்கே மாண்டவரின் கடைசி நொடிகள் நிழலாக ஓடும். பனி மூடிய மேட்டில் கார்கள் நின்றுபோக, பின்னால் வந்த கார் முன்காரை முட்டித் தள்ளி, வரிசை முழுதும் மேடேறியதையும், நின்று நன்றி சொல்ல முடியாமல் போனதையும் இந்த அமைப்புக்குத் தூண்டுதலாக மியாசாகி சொல்லியிருக்கிறார். ஆட்டத்துக்குள் தொடங்கிய இந்த விசாரிப்பு வெளியிலும் தொடர்ந்தது. ஃப்ரம்சாஃப்ட்வேர் 1994இல் தொடங்கிய ‘கிங்ஸ் ஃபீல்ட்’ தொடரிலும் இருளும் கடுமையும் குறைவில்லை; முகமறியாதவரின் குறிப்பு அதில் கிடையாது. அது கடைசிவரை சிறு வட்டத்திலேயே நின்றது.

பேச்சு மட்டுமே எல்லை தாண்டிவிடாது. ஆசியச் சந்தைக்கான பதிப்பில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுகளுக்கு நாட்டுப் பூட்டும் இல்லை. எனவே மேற்கத்திய ரசிகர்கள் அதை இறக்குமதி செய்தே ஆடினார்கள். இந்தத் தற்செயல் வசதி இல்லாவிட்டால் விசாரிப்பு ஜப்பானிய மொழிக்குள்ளேயே முடங்கியிருக்கும். ஆய்வாளர்கள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் மனக்குறை. ஜப்பானில் ஆட்டத்தை வெளியிட்ட சோனி மேற்கில் கைவிட்டதை அட்லஸ் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை எடுத்து, அக்டோபர் 6 அன்று வட அமெரிக்காவில் வெளியிட்டது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டாக கேம்ஸ்பாட் இணையதளம் அதைத் தேர்ந்தது. ஐரோப்பா 2010 ஜூன் வரை காத்திருந்தது. அங்கே வெளியிட்டது நாம்கோ பண்டாய்.

இதன் வழிவந்து 2011இல் வெளியான ‘டார்க் சோல்ஸ்’ ஜப்பானுக்கு வெளியே நாம்கோ பண்டாய் வழியாகவே விற்றது. சோனியிடம் மிஞ்சியது முதல் ஆட்டத்தின் உரிமை. அதன் மறுவாக்கத்தை 2020இல் பிளேஸ்டேஷன் 5 அறிமுகமான அன்றே சோனி கடைக்கு அனுப்பியது.