79 எண்களை ஒப்பித்த மாணவர்

நொடிக்கு ஒன்று வீதம் ஒற்றை இலக்க எண்களை யாராவது வாசித்தால், எத்தனையை அப்படியே திருப்பிச் சொல்ல முடியும்? பெரும்பாலோருக்கு ஏழைத் தாண்டினால் தடுமாற்றம்தான். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையால் இந்த 'ஏழு' பிரபலமானது. ஆனால் அதே கட்டுரையில் மில்லர் இன்னொன்றும் சொன்னார்: மனம் கணக்கு வைப்பது தனித்தனி எண்களை அல்ல, தொகுதிகளை. (பலர் ஏழை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்!)

இதை எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்தது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எரிக்சனும் சேஸும் நடத்திய சோதனை. அதன் முடிவு 1980-இல் வெளியானது. சோதனைக்கு வந்தவர் சாதாரண நினைவாற்றல் உள்ள ஒரு கல்லூரி மாணவர். தொடக்கத்தில் அவரும் ஏழு எண்கள்தான் சொன்னார். வாரத்தில் சில நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி. சுமார் 20 மாதங்கள் கழித்து அவர் சொன்னது 79 எண்கள்!

எப்படி? அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். 3492 என்று காதில் விழுந்தால் அவருக்கு அது நான்கு எண்கள் இல்லை. 3 நிமிடம் 49.2 நொடி, ஒரு மைல் ஓட்டத்தில் அன்றைய உலக சாதனையை நெருங்கும் நேரம். ஓட்ட நேரமாகப் பொருந்தாதவை மனிதர்களின் வயதாயின. பிறகு இந்தத் தொகுதிகளையே சேர்த்துப் பெரிய தொகுதிகளாகக் கட்டிக்கொண்டார்.

அப்படியானால் நினைவாற்றலே பத்து மடங்கு வளர்ந்துவிட்டதா? பயிற்சி தொடங்கிச் சில மாதங்களிலேயே ஆய்வாளர்கள் இதையும் சோதித்தார்கள். எண்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளை வாசித்தார்கள். சுமார் ஆறு எழுத்துகளோடு அவர் நின்றுவிட்டார்.