கல்லூரி வாசல் வரை

போர்வீரர்களைக் கௌரவிப்பது என்றதும் நமக்கெல்லாம் மலர்வளையமும் கல்வெட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு ஒரு சட்டம் ஞாபகம் வரும். 1944 ஜூன் 22 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 'ஜி.ஐ. பில்'. போர் முடிந்து திரும்பியவர் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 500 டாலர் வரை படிப்புச் செலவை அரசே கட்டும். மாதாமாதம் கைச்செலவுக்கும் பணம் உண்டு.

சிகாகோ பல்கலைக்கழகத்தை நடத்திவந்த ராபர்ட் ஹட்சின்ஸ், இதனால் கல்வித்தரம் கெட்டுவிடும் என்று எச்சரித்தார். நடந்ததோ வேற. 1947இல் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். இடம் போதாமல் ராணுவத் தகரக் கொட்டகைகளை வளாகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மனைவி, பிள்ளைகளோடு அதில் தங்கிப் படித்தவர்கள் நல்ல மதிப்பெண்களும் வாங்கினார்கள்.

சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் தென்மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. கறுப்பினக் கல்லூரிகளிலோ இடமில்லை. ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். வாஷிங்டன் கொடுத்த உரிமை உள்ளூர்க் கல்லூரி வாசலில் நின்றுபோனது.

அதனால்தான், கல்லூரிச் சுவரில் வீரர்களின் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம், அவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே நாற்காலி கிடைச்சுது என்று கேட்கத் தோணுது.