உட்கார்ந்தே இருந்தால் இதயம் தளரும்

நம் கைப்பிடி அளவே உள்ள இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஓய்வு கிடைக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. இதயமும் ஒரு தசைதான். வேலை கொடுத்தால் வலுப்பெறும், கொடுக்காவிட்டால் தளரும்.

ஒரே பேருந்து, இரண்டு வேலை

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெரி மோரிஸ். லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை அவரது குழு ஆராய்ந்து, 1953-இல் முடிவுகளை வெளியிட்டது. ஓட்டுநர் பணிநேரம் முழுவதும் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். நடத்துநரோ ஒரு நாளைக்கு 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்கினார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் வயது கூடிய பிறகே வந்தது, உயிரிழப்பும் குறைவாக இருந்தது.

ஓட்டுநர்கள் பருமனாக இருந்ததுதான் காரணமா? அவர்களின் சீருடை இடுப்பளவுகளையும் மோரிஸ் ஆராய்ந்தார். மெலிந்தவர், பருமனானவர் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. ஆகவே, "நான் ஒல்லிதான், எனக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று யாரும் இருந்துவிட முடியாது.

மூன்று வாரப் படுக்கை

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுடைய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். அவர்களின் உடல் உழைப்புத் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தபோது, 30 ஆண்டு முதுமை ஏற்படுத்திய இழப்பைவிட மூன்று வாரப் படுக்கை ஏற்படுத்திய இழப்பே அதிகம் என்று தெரிந்தது. பிறகு ஆறு மாதப் படிப்படியான பயிற்சியில், வயதால் இழந்த அந்தத் திறனை அவர்கள் மீட்டார்கள். ஐம்பது வயதிலும் காலம் கடந்துவிடவில்லை என்பதே இதில் நமக்கான செய்தி.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன, நாளடைவில் இரத்த அழுத்தம் குறைகிறது. பயிற்சி பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளுவதால், ஓய்வு நேரத்தில் குறைவாகத் துடித்தாலே போதுமாகிறது. அசையாமல் இருப்பவர்களுக்கு சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றும் மெல்ல ஏறுகின்றன. இதயக் குழாய் அடைப்புக்கு இவையே வழி திறக்கின்றன.

எவ்வளவு போதும்?

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தால் கணக்கு சரியாகிவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

வீட்டு வேலையும் கணக்கில் சேரும், ஆனால் மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது அதற்கு ஈடாகாது. வெளியே போக வசதியில்லாத பெண்கள் மொட்டை மாடியில் நடக்கலாம். கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் அவ்வப்போது எழுந்து நடக்கலாம். பக்கத்துத் தெருவுக்குப் போக பைக்கை எடுக்காமல் இருக்கலாம்.

கவனம் தேவை

ஏற்கெனவே இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு, மெதுவாகத் தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று சொல்லி நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழகத்தில் 108-ஐ அழைக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் மாரடைப்பு வரக்கூடும்.

நம் வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்தே இருந்தால் அதை ஓய்வு என்று விட்டுவிட வேண்டாம். மாலையில் அவர்களையும் அழைத்துக்கொண்டு நடப்போம்.