பிழையை எதிர்கொள்ளும் முறை: கிரகணக் கணிப்பை முன்வைத்து

மூடநம்பிக்கை பொய்யான கருத்து, அறிவியல் மெய்யான கருத்து என்று பிரிப்பது வழக்கம். இப்பிரிவு போதாது. அறிவியல் வரலாற்றில் கைவிடப்பட்ட கோட்பாடுகள் ஏராளம். ஆதாரமற்ற நம்பிக்கையும் சில வேளை தற்செயலாகப் பலித்துவிடும். ஒரு கருத்து தன் பிழையை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே இரண்டையும் பிரித்தறியும் உரைகல் என இக்கட்டுரை வாதிடுகிறது.

வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டிலுக்கு, தமிழ்க் கணிதர் ஒருவர் 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைக் கணித்துக் காட்டினார். விடை 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் பெரிதும் மதிக்கப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணைகள் தந்த விடையோ 68 விநாடி கூடியது. 1825இல் அதே ஊரில் மற்றொரு கணிதர், மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டு, தரையில் சோழிகளைப் பரப்பி வானியலாளர் ஜான் வாரனுக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. கணக்கின் பின்னுள்ள கோட்பாட்டை அவர் அறிந்திருக்கவில்லை என்று வாரன் குறித்துள்ளார்.

இக்கணிப்புகளை மூடநம்பிக்கை என ஒதுக்க இயலாது. அவற்றில் வியக்கத்தக்க துல்லியம் உண்டு. ஆயினும், துல்லியம் மட்டுமே அறிவியலாகிவிடாது. காரணம் அறியாமல் கற்ற சூத்திரம் பிசகினால், எந்த இடத்தில் திருத்துவது என்று அதைக் கற்றவருக்குத் தெரியாது.

திருத்தும் மரபும் இம்மண்ணில் இருந்தது. கேரளத்து வானியலாளர் பரமேஸ்வரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் கண்டு, பழைய கணக்கு வானத்தோடு ஒவ்வாததை உணர்ந்து, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். 19ஆம் நூற்றாண்டில் சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தை உற்றுநோக்கலுக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆகவே பழமைக்கும் புதுமைக்கும் இடையே கோடு கிழிப்பதும் பிழை.

கோடு பஞ்சாங்கத்தின் ஒரே பக்கத்திலேயே ஓடுகிறது. கிரகண நேரம் தவறினால் ஊரே பார்த்துவிடும். அதே பக்கத்தில் உள்ள ‘சாந்தி செய்ய வேண்டிய நட்சத்திரங்கள்’ என்னும் குறிப்போ தவறவே வழியில்லை. சாந்தி செய்தவர் நலமாக இருந்தால் அது பலித்தது. துன்புற்றால் சாந்தியில் குறை. செய்யாதவர் நலமாக இருந்தால் முன்வினைப் பயன். எது நடந்தாலும் மெய்யாகிவிடும் கூற்று, எதையும் முன்னறிவிப்பதில்லை.

அறிவியலாளரும் பிடிவாதக்காரர்கள்தாமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தனிமனிதரின் அடக்கத்தை நம்பி அறிவியல் நடப்பதில்லை. ஒருவர் மறைக்க விரும்பும் பிழையை மற்றொருவர் அளந்து காட்டலாம் என்பதே அதன் காப்பு.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது, 1976ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, இந்தியக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. ராகு விழுங்கவில்லை, நிழல்தான் மறைக்கிறது என்று மாணவரை ஒப்பிக்கச் செய்வதால் மட்டும் அக்கடமை நிறைவேறாது. அதுவும் காரணம் அறியா மனப்பாடமே. அடுத்த சந்திர கிரகணத்தின்போது, கணித்த நேரத்தையும் கண்ட நேரத்தையும் மாணவரே குறித்து, வேறுபாட்டுக்குக் காரணம் தேடப் பள்ளிகள் பழக்க வேண்டும்.