தெளித்த பின்னா, தெளிக்கும் முன்னா: பொது இடங்களில் பூச்சிக்கொல்லி அறிவிப்பின் வரலாறு

1959 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் மேல் விமானங்கள் தாழப் பறந்து ஆல்ட்ரின் குருணைகளைத் தூவின. ஜப்பானிய வண்டு எனப்படும் பூச்சியை ஒழிக்கும் அரசுத் திட்டம் அது. தென்கிழக்கு மிச்சிகனில் சுமார் 27,000 ஏக்கர் அதில் அடங்கியது. கூரையிலும் முற்றத்திலும் நடைபாதையிலும் குருணை விழுவதைப் பார்த்த மக்கள் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தார்கள்; ஒரே மணி நேரத்தில் ஏறத்தாழ 800 அழைப்புகள். திணறிய காவல் துறை, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் செய்தித்தாள்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தது: இது என்னவென்று மக்களிடம் சொல்லுங்கள், ஆபத்தில்லை என்றும் சொல்லுங்கள். ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். நில உரிமையாளருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்றோ அவரிடம் அனுமதி பெற வேண்டும் என்றோ மிச்சிகன் சட்டம் அப்போது கேட்கவில்லை.

அறிவிப்பு அங்கே நிகழாமல் இல்லை. மருந்து விழுந்த பிறகு, பதற்றத்தைத் தணிக்கும் பொருட்டு நிகழ்ந்தது. இன்று பூங்காவின் வாயிலில் நடப்பட்டிருக்கும் மஞ்சள் அட்டைக்கும் அந்த வானொலிச் செய்திக்கும் இடையே அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட சட்ட வரலாறு கிடக்கிறது. அந்த வரலாற்றைத் தகவல் உரிமையின் வளர்ச்சியாகச் சொல்லிவிடுவது எளிது. என் வாசிப்பு வேறு. தெளிப்பையே நிறுத்தச் சொன்னவர்களுக்குச் சட்டம் கைவிரித்தபோது, பல இடங்களில் அதற்கு ஈடாகக் கிடைத்த சிறு பொருள்தான் அறிவிப்பு. அந்தப் பிறப்பின் அடையாளம் இன்றும் அதன் விதிகளில் தெரிகிறது.

லாங் ஐலண்டில் தொடங்கிய வழக்கு

டெட்ராய்ட்டுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1957இல், ஜிப்சி அந்துப்பூச்சியை அடியோடு ஒழிக்கப்போவதாக அமெரிக்க வேளாண் துறை கிளம்பியது. எண்ணெயில் கரைத்த டிடிடி நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்களில் வானிலிருந்து பொழியப்பட்டது. காட்டுக்கான திட்டம், மக்கள் நெருங்கி வாழும் லாங் ஐலண்டின் தோட்டங்கள், பால் பண்ணைகள், குளங்கள் மேலும் இறங்கியது. மார்ஜரி ஸ்போக், மேரி ரிச்சர்ட்ஸ் என்ற இரு பெண்கள் ரசாயனம் கலவாமல் காய்கறி பயிரிட்டு வந்தவர்கள். பறவையியலாளர் ராபர்ட் குஷ்மன் மர்ஃபியும் வேறு சில நில உரிமையாளர்களும் அவர்களுடன் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள்.

அவர்கள் கேட்டது தடை உத்தரவு. ‘எங்களுக்கு முன்னால் சொல்லுங்கள்’ என்பது அவர்களுடைய கோரிக்கையின் மையமாக இருக்கவில்லை. ‘எங்கள் நிலத்தின் மேல் தெளிக்காதீர்கள்’ என்பதே கோரிக்கை. 1958இல் விசாரணை நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம், தெளிப்பு முடிந்துவிட்டதால் தடைக்கு இனிப் பொருளில்லை என்றது. ஆனால் இத்தகைய திட்டங்கள் இனி வந்தால் அவற்றின் வழிமுறையையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் கீழ்நீதிமன்றங்கள் நெருக்கமாக ஆராய வேண்டும் என்று ஒரு குறிப்பையும் சேர்த்தது. 1960இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் மாறுபட்டு எழுதினார். அந்த வழக்கின் ஆவணங்கள் ஸ்போக் வழியாகக் கார்சன் கைக்குப் போய்ச் சேர்ந்தன. தோற்ற வழக்கு ஒரு நூலுக்குள் போய் வென்றது எனலாம். ஆனால் சட்டப் புத்தகத்தில் அது தோல்விதான்.

அரசு எதை அறிவிக்கத் தயாராக இருந்தது என்பதற்குக் கலிபோர்னியா நல்ல சான்று. 1981இல் மத்தியதரைப் பழ ஈயை ஒழிக்க சாந்தா கிளாரா பள்ளத்தாக்கின் குடியிருப்புகள் மேல் மாலத்தியான் தெளிக்க முடிவானபோது, மாநில அரசின் இளைஞர் பணிப்படைத் தலைவர் பி.டி. காலின்ஸ், மக்களின் அச்சத்தைப் போக்குவதற்காக நீர்த்த மாலத்தியானை ஒரு குவளையில் ஊற்றி எல்லோர் முன்னிலையிலும் குடித்துக் காட்டினார். 1989-90இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஹெலிகாப்டர்கள் இரவில் தெளித்தபோது, மக்களுக்கு வந்த அறிவுரைகளுள் ஒன்று கார்களை மூடி வையுங்கள் என்பது. பிசுபிசுப்பான அந்தக் கலவை காரின் வண்ணப்பூச்சைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். வண்ணத்தைக் கெடுக்கும் மருந்து உடலை ஒன்றும் செய்யாது என்று அதே வாயால் சொல்லப்பட்டபோது மக்கள் எதை நம்பியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

ஒரு சிற்றூரின் அட்டை

அறிவிப்பைச் சட்டக் கடமையாக்கிய உள்ளூர் முயற்சிகளில் அதிகம் பேசப்படுவது விஸ்கான்சின் மாநிலத்தின் காஸி என்னும் சிற்றூர் 1985இல் இயற்றிய விதி. பொது நிலத்திலோ, பொதுமக்கள் புழங்கும் தனியார் நிலத்திலோ, வான்வழியாக எந்த நிலத்திலோ பூச்சிக்கொல்லி தெளிக்க விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைத்தவர், தெளிப்பைப் பற்றியும் எப்போது திரும்ப உள்ளே வரலாம் என்பதைப் பற்றியும் அட்டை வைக்க வேண்டும். மார்ட்டியர் என்ற நில உரிமையாளர் ஒருவருக்கு வான்வழித் தெளிப்பு மறுக்கப்பட்டது. தரைவழித் தெளிப்புக்கும் வரம்பு கட்டப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். பூச்சிக்கொல்லி பற்றிய மத்தியச் சட்டம் இருக்கையில் ஊராட்சி தனியே விதி செய்யலாமா என்பது கேள்வி.

மாநில உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. 1991 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது: ஊராட்சிகளின் அதிகாரத்தை மத்தியச் சட்டம் பறிக்கவில்லை. ‘விஸ்கான்சின் எதிர் மார்ட்டியர்’ என்று அறியப்படும் இத்தீர்ப்பு வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மத்தியச் சட்டம் தடுக்காவிட்டால் மாநிலச் சட்டத்தைக் கொண்டு தடுக்கலாம் என்று தொழில்துறை மாநிலச் சட்டமன்றங்களை நாடியது. பெரும்பாலான மாநிலங்களில் உள்ளூர் விதிகளை முடக்கும் பிரிவுகள் வந்துவிட்டன. தடுக்கும் அதிகாரம் கையைவிட்டுப் போன ஊர்களில் பேசுவதற்கு மிஞ்சியது அறிவிப்புதான்.

நியூயார்க்கில் புல்வெளிக்கு மருந்தடிக்கும் நிறுவனங்கள் 24 மணி நேரம் நிற்கும் அட்டைகளை நட வேண்டும் என்ற விதி முன்பே வந்திருந்தது. அட்டை, கால் வைக்கப் போகிறவரை எச்சரிக்கிறது. ஆனால் அது நடப்படும் நேரத்தில் மருந்து மண்ணில் இருக்கிறது. குழந்தையை உள்ளே அழைத்துக்கொள்ளவும் சன்னலை அடைக்கவும் கொடியில் காயும் துணியை எடுக்கவும் முன்கூட்டியே செய்தி தேவை. 2000ஆம் ஆண்டின் அண்டைவீட்டார் அறிவிப்புச் சட்டம் அதற்கு வழி செய்தது: வணிக முறையில் தெளிப்பவர், 150 அடிக்குள் உள்ள அண்டை நிலத்தாருக்கு 48 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 100 சதுர அடிக்கு மேல் தாமே மருந்தடிக்கும் வீட்டுக்காரரும் எல்லையில் அட்டை வைக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் தானாக எங்கும் செல்லாது. ஒவ்வொரு மாவட்டமும் விரும்பி ஏற்றால்தான் அங்கு நடைமுறைக்கு வரும். ஏற்றவற்றில் நாசாவ், சஃபோக் மாவட்டங்களும் உண்டு; இரண்டும் லாங் ஐலண்டில் இருப்பவை. 1957இல் தடை கேட்ட மண்ணுக்கு நாற்பது ஆண்டுக்குப் பின் 48 மணி நேரம் கிடைத்தது.

பென்சில்வேனியா இன்னொரு வழியில் போனது. பூச்சிக்கொல்லியால் கடுமையாகப் பாதிக்கப்படும் உடல்நிலை கொண்டவர்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. மருத்துவர் சான்றுடன் அதில் பெயர் சேர்த்தவருக்கு, அவர் இடத்திலிருந்து 500 அடிக்குள் மருந்தடிக்கும் தொழில்முறைத் தெளிப்பாளர் 12 முதல் 72 மணி நேரம் முன்பாகச் சொல்ல வேண்டும். நுணுக்கமான ஏற்பாடுதான். ஆயினும் செய்தி பெறுவதற்கு நோய்ச் சான்று கேட்கும் சட்டம், சான்று இல்லாத எல்லோருக்கும் செய்தி தேவையில்லை என்று சொல்லாமல் சொல்கிறது.

கனடாவின் ஹட்சன் ஊர் 1991இல் அழகுக்காக மருந்தடிப்பதையே பெரும்பாலும் தடுத்தது. 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. தடை சாத்தியமான இடத்தில் அட்டைக்கு வேலை குறைவு. பிரான்சிலும் அதே கதை: 2014இல் இயற்றிய லாபே சட்டப்படி 2017 முதல் பூங்காக்களிலும் பொதுப் பசுமைப் பரப்புகளிலும் அரசு அமைப்புகள் செயற்கைப் பூச்சிக்கொல்லி பயன்படுத்த முடியாது.

நியூ சவுத் வேல்ஸின் திட்ட ஏடு

பொது இடங்களைத் தனியே எடுத்து, முழுமையான ஓர் அறிவிப்பு முறையை அமைத்தது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். 1999இன் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 2005இல் ஓர் ஒழுங்குவிதித் திருத்தம் வந்தது. அதன்படி, 2007 பிப்ரவரி 1க்குப் பிறகு எந்த அரசு அமைப்பும், தன் கட்டுப்பாட்டிலுள்ள வெளிப்புறப் பொது இடத்தில் பூச்சிக்கொல்லி பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ‘அறிவிப்புத் திட்டம்’ ஒன்றை எழுதி முடித்திருக்க வேண்டும். பூங்கா, விளையாட்டுத் திடல், சிறுவர் விளையாடுமிடம், சுற்றுலாத் திடல், சாலையோரம், ரயில் பாதையோரம், தேசியப் பூங்கா என்று அது விரிகிறது. நகராட்சி மன்றங்கள் மட்டுமின்றி ரயில்வே, மின் வாரியம் போன்றவையும் எழுத வேண்டியிருந்தது.

இந்த விதியின் புதுமை, அட்டையின் அளவையோ நிறத்தையோ அது வரையறுக்காததில் இருக்கிறது. எந்த இடத்தை யார் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கு எப்படி, எத்தனை நாள் முன்பு சொல்லப் போகிறீர்கள், அவசர நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பதை அந்தந்த அமைப்பே எழுத வேண்டும். எழுதியதை நான்கு வாரமாவது மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். முடிந்ததும் அரசிதழில் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பில் மருந்தின் முழுப்பெயர், நோக்கம், தேதி, இடம், விவரம் கேட்கத் தொலைபேசி எண், மீண்டும் உள்ளே வரக் காத்திருக்க வேண்டிய நேரம் ஆகியவை இடம்பெற வேண்டும். பள்ளி, குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, முதியோர் இல்லம் ஆகியவை ‘உணர்திறன் மிக்க இடங்கள்’ எனப் பெயர் பெற்றன. அவற்றை ஒட்டிய தெளிப்புக்குத் தனி ஏற்பாடு.

நிர்வாகம் தன் வாக்குறுதியைத் தானே எழுதி வைக்கும்போது, அதை மீறினால் சுட்டிக்காட்டக் குடிமகனிடம் ஓர் ஏடு இருக்கிறது. முன்பு இருந்தது புகார் மட்டுமே. என் பார்வையில் இத்துறையில் நடந்த பெரிய நகர்வு இதுவே. குறையும் அதே இடத்தில்தான். எதை அறிவிக்க வேண்டியதில்லை என்பதையும் அமைப்பே எழுதிக்கொள்ளலாம். சிறிய அளவில், கைத்தெளிப்பான் கொண்டு, அங்கங்கே முளைத்த களைக்கு அடிப்பதற்கு அறிவிப்புத் தேவையில்லை என்று மன்றத்துக்கு மன்றம் விலக்கு எழுதி வைத்தது. பொது இடத்தில் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் அந்த வேலைதான்: நடைபாதை விரிசலிலும் வேலி ஓரத்திலும் களைக்கொல்லி. ஆண்டுக்கு ஒருமுறை திடல் முழுதும் நடக்கும் தெளிப்பு அறிவிக்கப்படுகிறது. வாரந்தோறும் நடப்பது சத்தமில்லாமல் நடக்கிறது. 2009இலும் 2017இலும் ஒழுங்குவிதிகள் புதுப்பிக்கப்பட்டபோதும் திட்ட ஏடு என்ற அடிப்படை மாறவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை, பொதுப் பூங்காவிலும் பள்ளித் திடலிலும் மருந்தைக் குறைக்கவோ தடுக்கவோ சொல்கிறது. மருந்துச் சாரல் படக்கூடியவர்களுக்குத் தெரிவிப்பதை மட்டும் உறுப்பு நாடுகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

1971இலேயே எழுதப்பட்ட ஒரு விதி

இந்த வரிசையில் இந்தியா பின்தங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஏட்டளவில் அப்படியில்லை. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் தொடர்ச்சியாக 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971இல் அதன் விதிகளும் வந்தன. டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் இந்த விதிகளின் வழி வந்தவை. அதே விதிகளில் 43ஆவது விதி, வான்வழித் தெளிப்பு ஒவ்வொன்றையும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உரிய அதிகாரிகள் வழியாகப் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தொடர்பில்லாத மனிதரும் கால்நடையும் குறிப்பிட்ட காலம் அங்கு நுழையாமல் தடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நியூயார்க்கின் 48 மணி நேரச் சட்டத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முந்தியது இது.

இந்த விதி புத்தகத்தில் இருந்த காலத்தில்தான் காசர்கோட்டில், கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டர்கள் எண்டோசல்ஃபான் தெளித்தன; 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, சுமார் 4,600 ஹெக்டேரில். தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையே வேலி இல்லை. கிணறும் ஓடையும் பள்ளியும் தோட்டத்தின் மடியிலேயே இருந்தன. கிணறுகள் மூடப்படவில்லை, தங்களுக்கு எச்சரிக்கை சரியாக வந்து சேரவில்லை என்று மக்கள் முறையிட்டார்கள். விதி சொன்ன கடமைகள் எல்லாம் தெளிப்பவரிடமும் அதிகாரியிடமும் இருந்தன. சேதி வராதவர் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு விதியில் ஒரு வரி இல்லை. வேளாண் துறையில் பணியாற்றிய லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றம் போய்த் தடை கேட்டார். லாங் ஐலண்டில் கிடைக்காத தடை இங்கே கிடைத்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானை நாடெங்கும் தடுத்தது. வழக்குகள் மருந்தையும் இழப்பீட்டையும் சுற்றியே நடந்ததால் 43ஆவது விதி உரசிப் பார்க்கப்படாமலே போயிற்று.

அந்த விதிக்குள் வராத வெளியும் பெரிது. சென்னையிலோ மதுரையிலோ தெருவில் கொசுவுக்குப் புகை மருந்து அடித்துக்கொண்டு வரும் ஊழியர் வான்வழித் தெளிப்பாளர் அல்லர். இயந்திரத்தின் உறுமல்தான் தெருவுக்கு வரும் முன்னறிவிப்பு. அதைக் கேட்டுச் சிலர் கதவடைக்கிறார்கள், பிள்ளைகள் புகைக்குள் ஓடுகிறார்கள். பூங்காவில் களைக்கொல்லி அடித்தவருக்கும் அந்த விதி பொருந்தாது.

2021 டிசம்பரில் டிரோன் வழித் தெளிப்புக்கு மத்திய வேளாண் அமைச்சகம் செயல்முறை வெளியிட்டபோது பழைய 24 மணி நேரம் திரும்பவும் வந்தது, இம்முறை ஊராட்சிக்கும் வேளாண் அலுவலருக்கும் தெரிவிக்கும் கடமையாக. ஊராட்சி அலுவலகத்துக்கு வந்த தகவல் அங்கிருந்து வயலோரக் குடிசைக்கு எப்படிப் போகும் என்பதை, நியூ சவுத் வேல்ஸ் மன்றங்களைப் போல, யாரும் எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அந்தச் செயல்முறை கேட்கவில்லை.