காட்சி அசைவு உணர்வு

காட்சி அசைவு உணர்வு என்பது, கண்ணெதிரே உள்ள பொருள் எத்திசையில், எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதை மூளை அறியும் திறனாகும். பொருள் முன்பு இருந்த இடத்தையும் இப்போது இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டே அசைவு அறியப்படுகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் நிறத்தைப் போலவே அசைவும் மூளை தனியே பிரித்துணரும் ஒரு பண்பு என்பதையே நரம்பியல் சான்றுகள் காட்டுகின்றன.

அவற்றுள் மிகத் தெளிவானது, 1983இல் யோசஃப் ட்சீலும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஜெர்மனியில் விவரித்த ஒரு பெண்ணின் நிலையாகும். மூளையின் பின்பகுதியில் இருபுறமும் பாதிப்படைந்த அவரால் நிறங்களையும் பொருள்களையும் அடையாளம் காண முடிந்தது. அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதாகத் தோன்றியதாலும், அதன் மட்டம் உயர்வது புலப்படாததாலும், எப்போது நிறுத்துவது என்று அறியாமல் அவர் திண்டாடினார். தொலைவில் தெரிந்த கார், சாலையைக் கடக்க முற்படும்போது சட்டென அருகில் வந்துவிட்டிருக்கும். ஆகவே வண்டிகளின் ஓசையைக் கொண்டே தொலைவை மதிப்பிடப் பழகிக்கொண்டார். பொருள் இடம் மாறிவிட்டது என்பது தெரிந்தும் அது நகர்வதைக் காண இயலாத இந்நிலை, அசைவுக் குருடு எனப்படும்.

இதற்கு நேர்மாறான நிலையை நலமான கண்ணுடைய எவரும் காணலாம். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியை உற்று நோக்கிவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தபோது, பாறை மேல்நோக்கி நகர்வதாகத் தோன்றியது. கீழ்நோக்கிய அசைவுக்குத் துலங்கும் நரம்பணுக்கள் தொடர் தூண்டலால் மந்தமடைய, மேல்நோக்கிய அசைவுக்குரியவற்றின் கை ஓங்குவதே இதற்குக் காரணம். பாறை நகர்வதாகத் தெரிந்தாலும் அது இருக்கும் இடம் மாறுவதில்லை என்பதே இம்மாயையில் கவனிக்கத்தக்கது.

நரம்பணு திசையைப் பிரித்தறியும் முறைக்கு, வண்டுகளை ஆராய்ந்த ஹாசென்ஸ்டைனும் ரைக்கார்ட்டும் 1956இல் ஒரு மாதிரியை முன்வைத்தனர். அடுத்தடுத்துள்ள இரு ஒளியுணரிகளில் முதலாவதன் சைகை சற்றுத் தாமதப்படுத்தப்படுகிறது. பொருள் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி நகரும்போது இரு சைகைகளும் ஒரே நேரத்தில் சேர்ந்து வலுப்பெறுகின்றன, எதிர்த்திசையில் நகர்ந்தால் அவை சேர்வதில்லை. அடுத்தடுத்து மின்னும் இரு நிலையான புள்ளிகளும் இத்தகைய அமைப்பைத் தூண்டவல்லவை; நொடிக்கு 24 நிலைப்படங்களைக் காட்டும் திரைப்படம் ஓடுவதாகத் தெரிவதும் இதனாலேயே.

குரங்குகளின் மூளைப் புறணியில், ஐந்தாம் காட்சிப் பகுதி அல்லது வி5 எனப்படும் இடத்தின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை, நிறத்தைப் பொருட்படுத்தாமல் அசைவின் திசைக்கே துலங்குவதை 1974இல் செமிர் செக்கி விளக்கினார். இவை அசைவு உணர்வுக்கே காரணமா, அன்றி வெறும் உடனிகழ்வா என்ற ஐயத்தை வில்லியம் நியூசம் குழுவின் 1990ஆம் ஆண்டு ஆய்வு பெரிதும் தீர்த்தது. குறிப்பிட்ட ஒரு திசைக்குரிய நரம்பணுத் தொகுதியை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டியபோது, திரையில் நகரும் புள்ளிகள் அத்திசையில் செல்வதாகக் குரங்குகள் முன்னினும் மிகுதியாகத் தெரிவித்தன.

கண் திரும்பும்போது விழித்திரையில் முழுக் காட்சியும் நகர்ந்தாலும் உலகம் அசையாமல் தெரிவதற்குக் காரணம், கண் தசைகளுக்கு அனுப்பும் கட்டளையின் படியொன்றைக் கொண்டு மூளை அந்நகர்வை ஈடுசெய்வதாகும். இமைமேல் விரலால் மெல்ல அழுத்தும்போது அத்தகைய கட்டளை எதுவும் பிறப்பதில்லையாதலால், எதிரே உள்ள சுவர் அசைவதாகத் தோன்றுகிறது.